‘ஒரு சிசி போட்டா போதும்!’

அந்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது 2025 மே 11, திருவாலங்காட்டில் அந்த வீட்டு வாசலில் பெரிய பஞ்சாயத்தே நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு கிடா. அதைச் சுற்றி வீட்டு அம்மா, அவர் மகன், மகள், எதிர்வீட்டுப் பெரியவர். மகன் கையில் ஒரு சின்ன பாட்டில். பெரியவர் கையில் ஊசி போடும் சிரிஞ்ச்.

“ஒரு சிசி போட்டா போதும்மா. பத்து நாள்ல சொறி உதிர்ந்து, தோலு பளபளன்னு ஆயிடும். பாய் வந்து பாக்கும்போது ஒண்ணும் தெரியாது” என்றார் பெரியவர்.

பாய் என்றால் ஆடு வாங்கும் வியாபாரி. பக்ரீத் ஜூன் 7-ம் தேதி. இந்தக் கிடாவை அவர் மாசி மாதமே பார்த்துவிட்டுப் போயிருந்தார். பதினைந்தாயிரம் வரை தருவதாகப் பேச்சு. பிளஸ் டூ ரிசல்ட் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. முதல் வருட ஃபீஸுக்கு அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி, அந்தக் கிடாதான்.

திருவாலங்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வடாரண்யேஸ்வரர் கோயிலும், நடராஜரின் ரத்தின சபையும், காரைக்கால் அம்மையாரும் நினைவுக்கு வருவார்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்கு அதோடு சர்க்கரை ஆலை, அரக்கோணம் லைனில் வரும் எலக்ட்ரிக் ரயில், ஆடு, மாடு. அந்த அம்மாவின் கணவர் கரும்பு சீசனில் லாரிக்கு லோடு ஏற்றப் போவார். மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். ஆடுகள் முழுக்க அம்மாவின் பொறுப்பு. 2011-ல் விலையில்லா ஆடு திட்டத்தை அரசு தொடங்கியபோது, அவருக்கும் நான்கு ஆடுகள் கிடைத்தன. அந்த நான்கின் வழிவந்தவைதான் இப்போது கொட்டகையில் நிற்கும் ஒன்பதும். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றில்தான் வினை வந்தது. சித்திரை ஆரம்பத்தில் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று கணவர் ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்து வந்தார். வந்த அன்றே மற்ற ஆடுகளோடு கட்டினார்கள். அது காலால் காதைச் சொறிந்துகொண்டே இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் கிடாவின் காது ஓரத்திலும் மூக்கைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் பொருக்கு கட்டியது. கழுத்தில் முடி உதிர்ந்து, தோல் சுருக்கம் சுருக்கமாகத் தடித்தது. கொட்டகைக் கம்பத்தில் உரசி உரசி, ஒரு பக்கம் ரத்தமே வந்துவிட்டது.

குர்பானிக்குக் கொடுக்கும் ஆட்டுக்குக் கண்ணில் படுகிற நோயோ ஊனமோ இருக்கக்கூடாது. பாய் காதைப் புரட்டிப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார். பொருக்கோடு நிற்கும் கிடாவை அவர் தொடக்கூட மாட்டார்.

மகன் யூ-டியூபில் பார்த்துவிட்டு, வரும் வழியில் கால்நடை மருந்துக் கடையில் அந்த பாட்டிலை வாங்கி வந்திருந்தான். ஐவர்மெக்டின் ஊசி மருந்து. கடையில் யாரும் சீட்டு கேட்கவில்லை. எப்படிப் போடுவது என்று அவனும் கேட்கவில்லை. போன வருஷம் தன் மாட்டுக்கு அதே மருந்தைப் போட்ட அனுபவம் எதிர்வீட்டுப் பெரியவருக்கு இருந்தது. ‘ஒரு சிசி’ என்கிற கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

சிரிஞ்சில் மருந்து ஏறியும் விட்டது. அம்மாதான் “இருங்க அண்ணே” என்று கையைப் பிடித்தார்.

அவர் அப்படிப் பிடித்ததற்குக் காரணம் படிப்பு அல்ல, ஒரு நாய்க்குட்டி. அதற்கு முந்தைய வருடம் அதே தெருவில் ஒரு வீட்டில் ஜெர்மன் ஷெப்பர்டு கலப்பில் ஒரு குட்டி வளர்த்தார்கள். மூன்று மாதக் குட்டி, நான்கு கிலோ இருந்தால் அதிகம். அதற்குச் சொறி வந்தது. யாரோ மாட்டுக்கு வாங்கி மீந்திருந்த மருந்தில் இதே ‘ஒரு சிசி’ போட்டார்கள். சாயங்காலத்துக்குள் குட்டி தள்ளாட ஆரம்பித்தது. வாயில் எச்சில் ஒழுகியது. கருவிழி பெரிதாக விரிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக் குரைத்தது. கண் தெரியவில்லை. பிறகு படுத்தது எழுந்திருக்கவே இல்லை. நான்காம் நாள் இறந்துபோனது. பாட்டில் மேல் என்ன எழுதியிருந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆனால், நீல மூடி நினைவிருந்தது. மகன் கையில் இருந்ததும் நீல மூடிதான்.

“நம்ம கிடா எத்தனை கிலோ இருக்கும்?” என்று மகனைக் கேட்டார்.

“நாப்பது இருக்கும்மா.”

“உன்கிட்ட கேக்கல. தராசுல போட்டாத்தான் தெரியும்” என்றாள் மகள். வருங்கால நர்ஸ்! பெரியவர் கொஞ்சம் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். சிரிஞ்சில் ஏற்றிய மருந்தை மீண்டும் பாட்டிலில் விடக்கூடாது என்பதும் அன்று யாருக்கும் தெரியாது. மகன் விட்டுவிட்டான். பிறகு அந்த பாட்டிலையே ஒதுக்க வேண்டியதாயிற்று.

புதன்கிழமை, 14-ம் தேதி, கால்நடை டாக்டர் வந்தார். வேப்பேரி கல்லூரியில் படித்த இளம்பெண். வந்ததும் ஊசியை எடுக்கவில்லை, பிளேடை எடுத்தார். பொருக்கும் நல்ல தோலும் சேரும் இடத்தில், லேசாக ரத்தம் கசியும் வரை சுரண்டி, அதை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்துக்கொண்டார். “சொறி மாதிரி தெரியற எல்லாமே சொறி இல்லம்மா. படர்தாமரையா இருக்கலாம். சத்துக் குறைவா இருக்கலாம். வாயைச் சுத்தி மட்டும் பொருக்கு வந்தா அது அம்மை மாதிரி வேற ஒரு வைரஸ். அதுக்கெல்லாம் இந்த ஊசி போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல” என்றார்.

மருந்தகத்துக்குத் திரும்பியதும் அந்தக் கண்ணாடித் துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கூடவே போயிருந்த மகளையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக, குட்டையான எட்டுக் கால்களோடு ஒன்று மெல்ல அசைந்தது. மயிர்க்கால் அளவுகூட இல்லாத, அரை மில்லிமீட்டருக்கும் சிறிய பூச்சி. பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். அந்தச் சுரங்கம்தான் அரிப்பு. பதினைந்தாயிரம் ரூபாய்க் கிடாவைக் கீழே தள்ளியது இதுதான் என்று நினைத்தபோது, அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

இந்த இடத்தில் மருந்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒன்றும் சாதாரண மருந்து அல்ல. 1970-களில் ஜப்பான் விஞ்ஞானி சதோஷி ஓமுரா, ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே அள்ளிய மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. அதை வைத்து ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்தைக் கண்டறிந்தது அமெரிக்காவில் வேலை பார்த்த வில்லியம் கேம்பலின் குழு. 1981-ல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. 1987 முதல், ஆப்பிரிக்க ஆற்றங்கரை மக்களைக் குருடாக்கிய நோய்க்கு மாத்திரையாக, இலவசமாகவே கொடுக்கப்பட்டது. 2015-ல் இருவருக்கும் நோபல் பரிசு. கண்பார்வையைக் காப்பாற்றியதற்காகப் புகழ்பெற்ற மருந்து, அளவு தப்பினால் ஒரு நாய்க்குட்டியின் கண்ணைக் கெடுத்தது என்பது விசித்திரம்தான்.

எப்படி? டாக்டர் அதை எளிமையாகச் சொன்னார். பூச்சியின் நரம்புக்குள் புகுந்து, அதைச் செயலிழக்கச் செய்வதுதான் இந்த மருந்தின் வேலை. நமக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் மூளையின் வாசலில் ஒரு காவல் இருக்கிறது. உள்ளே வரப்பார்க்கும் மருந்தை அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சரியான அளவு என்றால் காவல் தாங்கும். பல மடங்கு கூடினால் தாங்காது. கோலி, ஷெப்பர்டு போன்ற சில நாய் இனங்களில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே அந்தக் காவல் பழுது. மருந்து மூளைக்குள் போய்விட்டால் அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, புரட்டிப் படுக்க வைத்து, காத்திருக்க வேண்டியதுதான்.

“அப்ப அந்தக் குட்டிக்கு எவ்ளோ போட்டிருக்கணும்?” என்று கேட்டாள் மகள்.

“அதுக்கு இந்த மருந்தையே யோசிச்சிருப்பேன். வேற பாதுகாப்பான மருந்து இருக்கு” என்றார் டாக்டர்.

சாயங்காலம் டாக்டர் மருந்தோடு திரும்பி வந்தார். முதலில் எடை. அரிசிக் கடையிலிருந்து தொங்கும் தராசு இரவல் வாங்கி, வேப்பமரக் கிளையில் மாட்டி, சாக்கில் துளை போட்டு ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். கிடா நாற்பது கிலோ என்றானே மகன்? இருபத்தெட்டு! அரிப்பில் சரியாக மேயாமல் உருக்குலைந்திருந்தது. பெட்டைகள் இருபது, இருபத்திரண்டு. கடைசியாகப் பிறந்த குட்டிகள் இரண்டும் ஐந்தைந்து கிலோ.

ஒரு சதவீத மருந்து என்றால் ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம் இருக்கும். டாக்டர் அன்று போட்ட கணக்கு, ஐம்பது கிலோ உடம்புக்கு ஒரு மில்லி. அப்படியென்றால் இருபத்தெட்டு கிலோ கிடாவுக்கு அரை மில்லிக்குச் சற்று மேல். ஐந்து கிலோ குட்டிக்கு 0.1 மில்லி, ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு. பெரியவரின் ‘ஒரு சிசி’யைக் குட்டிக்குப் போட்டிருந்தால் பத்து மடங்கு! மகள் ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு வரி போட்டு, எடை, அளவு, தேதி என எழுதிக்கொண்டே வந்தாள். ‘கருப்பி’, ‘ஒத்தக்கொம்பு’, ‘சந்தைக்காரி’ என்று பெயர்களும் உண்டு.

பெரிய சிரிஞ்சில் 0.1 மில்லி என்பது கண்ணுக்கே பிடிபடாது. அதனால் குட்டிகளுக்கு ஒரு மில்லி சிரிஞ்ச். ஊசி சதையில் அல்ல, தோலுக்கும் சதைக்கும் நடுவில். தோள்பட்டைக்குப் பின்னால் தொளதொளவென்று இருக்கும் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் ஊசியை விட்டு, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாக அழுத்த வேண்டும். சேறும் சாணியும் ஒட்டிய இடத்தில் குத்தினால் சீழ் பிடிக்கும். ஒவ்வொரு ஆட்டுக்கும் புது ஊசி. மருந்து எரியும் போலிருக்கிறது. ‘ஒத்தக்கொம்பு’ துள்ளிய துள்ளலில் டாக்டர் மேடத்தின் செருப்பு சாக்கடையில் விழுந்தது.

நன்றாக இருக்கும் ஆட்டுக்கு ஏன் ஊசி என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு கொட்டகையில் ஒன்றுக்கு வந்தால், மற்றவற்றின் தோலிலும் வெளியே தெரியாமல் இருக்கும். கிடாவுக்கு மட்டும் போட்டால், பதினைந்தாம் நாள் பக்கத்து ஆட்டிடமிருந்து திரும்ப வரும். அளவைக் குறைத்துப் போடுவதும் தப்பு. சாகாமல் தப்பிக்கும் பூச்சிகள் அடுத்த முறை அதே மருந்துக்கு அசைந்துகொடுக்காது. முட்டைகளை இந்த மருந்து கொல்வதில்லை என்பதால், அவை பொரிந்து வெளியே வந்த பிறகு, இரண்டு வாரத்தில் இன்னொரு ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். மே 28 என்று எழுதிக்கொண்டாள் மகள்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையை மூடும்போது டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். “இதுல எதையாவது இப்ப விக்கப் போறீங்களா?”

அம்மா கிடாவைக் காட்டினார். “பக்ரீத்துக்கு மேடம்.”

டாக்டர் பையை மறுபடி கீழே வைத்தார். ஊசி போடும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று அவரே ஒப்புக்கொண்டார். இந்த மருந்து கொழுப்பில் தங்கும். மெல்ல மெல்லத்தான் வெளியேறும். சொறி உதிர்ந்து தோல் பளபளத்தாலும், கறியில் மருந்து இருந்துகொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் மாட்டுக்கு இந்த ஊசியைப் போட்டால் 35 நாள் கழித்துத்தான் கறிக்கு அனுப்ப வேண்டும் என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள். “ஆட்டுக்கும் அதுக்குக் குறையாம விடுங்க. அதுவும் கடைசி ஊசி போட்ட நாள்ல இருந்து” என்றார். மே 28-லிருந்து 35 நாள். மகள் விரல்விட்டு எண்ணினாள். ஜூலை 2.

பக்ரீத் ஜூன் 7.

பாலும் அதே கதை. வீட்டில் ஒரு பெட்டையின் பாலைப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு இருமலுக்கு நல்லது என்று கொடுத்துவந்தார்கள். அதை அன்றோடு நிறுத்தச் சொன்னார். எப்போது மறுபடி கொடுக்கலாம் என்று கேட்டதற்கு, “இந்த ஈத்துல வேணாம். குட்டிங்க குடிக்கட்டும்” என்றார்.

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் ஒரே வார்த்தையில் முடித்தார். “பாய்க்கு எப்படித் தெரியும்?” உண்மைதான், தெரியாது. இரண்டு வாரத்தில் பொருக்கு உதிர்ந்துவிடும். கறியை வெட்டிப் பரிசோதித்துப் பார்க்கும் வழக்கம் அந்தப் பக்கம் எங்கும் இல்லை. ஒரு முறை சாப்பிடுகிறவர்களுக்கு உடனே ஏதாவது ஆகிவிடும் என்றும் சொல்ல முடியாது. குர்பானிக் கறியைப் பங்கு போட்டு, பங்காளிக்கும் ஏழைக்கும் கொடுப்பார்கள். போன வருஷம் பாய் வீட்டிலிருந்து இவர்களுக்கும் ஒரு தூக்குவாளி வந்தது. அந்த அம்மா அதைத்தான் சொன்னார். “அவங்க வீட்டுக் கறி நம்ம வீட்டுக்கும்தானே வருது.” அதற்கு மேல் பேச்சு நீளவில்லை.

காலையில் அவரே போன் செய்தார். சொறி வந்ததையும், ஊசி போட்டதையும், ஜூலை 2 வரை கறிக்கு ஆகாது என்பதையும் சொன்னார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “நல்லதும்மா, சொன்னியே. நான் வேற எடம் பாத்துக்கறேன்” என்று பாய் வைத்துவிட்டார். பக்ரீத் விலை அதோடு போயிற்று.

ஃபீஸுக்கு மகளிர் குழுவில் கடன் எழுதினார்கள். வட்டி கொஞ்சம்தான், ஆனாலும் வட்டி.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வேலை. பழைய சாணி, சருகு எல்லாவற்றையும் அள்ளி எரித்தார்கள். ஆட்டின் உடம்பை விட்டு விழுந்த பூச்சி நிழலும் ஈரமும் இருந்தால் பல நாள் தாக்குப்பிடிக்கும் என்பதால், கொட்டகையைக் காலியாக விட்டு, சுண்ணாம்பு அடித்து, ஆடுகளை இரண்டு வாரம் புளியமரத்தடியில் கட்டினார்கள். அந்த மே மாத வெயிலுக்கு அதில் ஒரு லாபமும் இருந்தது.

நடுவில் அம்மாவுக்கே முன்கையில் அரிப்பு வந்தது. ஆட்டைத் தூக்கிப் பிடித்த இடங்களில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. மகன் போனில், “அந்த மருந்து மனுசங்களுக்கும் போடுவாங்களாமே, மாத்திரையா” என்று ஆரம்பித்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. 2021-ல் கொரோனா காலத்தில் கோவாவில் பதினெட்டு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இதே மருந்தை மாத்திரையாகக் கொடுக்கப்போவதாக அரசே அறிவித்தது. ஆராய்ச்சிக்கு வெளியே அதைக் கொரோனாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தபோதே. அமெரிக்காவில் குதிரைக்கான மருந்தை வாங்கித் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. மனிதருக்கான மாத்திரை வேறு, மாட்டுக்கான ஊசி வேறு. அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கையைக் காட்டினார். ஆட்டுச் சொறிப் பூச்சியால் மனிதத் தோலில் குடும்பம் நடத்த முடியாது, ஆடு குணமானால் தானாகப் போய்விடும் என்று சொல்லி, அரிப்புக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். பத்து நாளில் போய்விட்டது.

மே 28 அன்று இரண்டாவது ஊசி. மறுபடியும் தராசு, மறுபடியும் எடை. கிடா ஒன்றரை கிலோ ஏறியிருந்தது. அளவும் அதற்கேற்பக் கொஞ்சம் மாறியது. எதிர்வீட்டுப் பெரியவர் கோபம் தணிந்து வேடிக்கை பார்க்க வந்தார். ‘ஒத்தக்கொம்பு’வை அவர்தான் அன்று அசையாமல் பிடித்துக்கொண்டார். போகும்போது, “என் மாடு எத்தனை கிலோ இருக்கும், பாப்பா?” என்று மகளிடம் கேட்டார். மாட்டைத் தராசில் தொங்கவிட முடியாது. மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் டேப்பால் அளந்து கணக்குப் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம் பாயிடமிருந்து போன் வந்தது. ஒரு கோயில் விசேஷத்துக்குக் கிடா கேட்கிறார்கள், உன்னோடது எப்படி இருக்கிறது என்றார். விலை பதினொன்றரைதான் தருவார்களாம். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. “கொஞ்சம் இருங்க பாய்” என்று சொல்லி, உத்தரத்தில் செருகியிருந்த கணக்கு நோட்டை எடுத்து வரச் சொன்னார். மகள் பக்கத்தைப் புரட்டி, கிடாவின் வரியில் விரலை வைத்தாள்.

“கெடு முடிஞ்சு மூணு வாரத்துக்கு மேல ஆச்சும்மா” என்றாள்.

“பன்னெண்டரை தரச் சொல்லுங்க பாய்” என்றார் அம்மா.